ரத்த ஆபீசுக்கு அனுப்பிய முதல் ரகம்

போடிநாயக்கனூரில் பழைய ஏலக்காய் குடோன் ஒன்றின் மாடியில் 'மலைச்சரிவு மக்கள் உறைபுரத ஆய்வு மற்றும் மேம்பாட்டு நிறுவனம்' இயங்கி வருகிறது. பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நீளமாகிப் போனதால், 'மேம்பாட்டு நிறுவனம்' என்ற பகுதி மட்டும் மூலை திரும்பிப் பக்கத்துச் சந்துக்குள் போயிருக்கும். ஊரார் இவ்வளவு தூரம் நடக்காமல் அதை ரத்த ஆபீசு என்று சொல்லிவிடுவார்கள்.

நிறுவனத்தின் நோக்கம் நல்ல நோக்கம். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மனித உடம்பில் ரத்தம் உறையும்போதும், உறைந்தது கரையும்போதும் சில புரதங்கள் ரத்தத்தில் கூடுகின்றன. நெஞ்சு வலியோடு வருகிறவருக்கு அவற்றின் அளவைப் பார்த்தால், வந்திருப்பது மாரடைப்பா, மாரடைப்புக்கு முந்தைய எச்சரிக்கையா, வெறும் வாய்வா என்று பிரித்தறிய உதவும். நடக்கும்போது வந்து உட்கார்ந்தால் அடங்குகிற வலி, ஒரு நாள் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வரத் தொடங்கினால், அதுதான் அந்த எச்சரிக்கை. நிலையற்ற மார்வலி என்று அதற்குப் பெயர். இவ்வளவும் வண்ணப் படத்தோடு வரவேற்பறையில் மாட்டப்பட்டிருக்கிறது. படத்தில் இதயத்தைவிட இயக்குநர் டாக்டர் செழியன் பெரிதாக இருப்பார்.

வரவேற்பறையைத் தாண்டினால் இரண்டு முக்கியமான பொருள்கள் உண்டு. ஒன்று, இதயத் துடிப்பை வரைந்து காட்டும் இசிஜி இயந்திரம். அதைத் திறந்து வைக்க வேண்டிய பெரியவரிடமிருந்து இன்னும் தேதி கிடைக்காததால், அது அட்டைப் பெட்டிக்குள்ளேயே, மேலே ரிப்பன் கட்டியபடி இருக்கிறது. தூசி படியக் கூடாது என்று தினமும் பெட்டியைத் துடைக்க ஆள் உண்டு. இரண்டாவது, கீழே வாசலில் நிற்கும் வேன். ஆக்சிஜன் சிலிண்டரோடு, மெத்தையோடு, தேனிக்குப் போகத் தயாராக நிற்கும். இயக்குநர் கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் அது அசையாது.

போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் ஜக்கையன் சூப்பர்வைசர். குடும்பம் போடியில், வாரத்தில் ஒரு நாள் தவிர மற்ற நாளெல்லாம் ஜீப்பில் கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றிக்கொண்டு மேலே போய்விடுவார். தோட்ட வேலையைவிட அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது வேறொரு சோலி. ஏலத்துக்குப் போகும் சரக்குக்கு அவர்தான் சாம்பிள் கட்டுவார். வியாபாரிகள் மூட்டையைப் பிரித்துப் பார்ப்பதில்லை. தட்டில் கொட்டிய ஒரு கைப்பிடி காயைப் பார்த்துத்தான் விலை கேட்பார்கள். அந்த ஒரு கைப்பிடியில் வெளுத்த காய் இருக்கக் கூடாது. சுருங்கினது, வெடித்தது, சொறி விழுந்தது இருக்கக் கூடாது. மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்பது மூட்டைக்கும் ஜக்கையனுக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

அந்த ஒரு கைப்பிடியை அவருக்குப் பொறுக்கிக் கொடுப்பவர், ஸ்டோரில் காய் பிரிக்கும் பெண்களிலேயே மூத்தவரான பேச்சி. தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில்தான் குடியிருப்பு. கணவர் இல்லை, மகன் திருப்பூரில். முறத்தைக் குலுக்கி ஒரு பார்வை பார்த்தால் போதும். எது எந்தக் குவியலுக்கு என்று விரல் தானாகப் போகும். ஜக்கையன் அவரை அக்கா என்பார். அவர் ஜக்கையனைத் தம்பி என்பார், செல்லம் கூடினால் அப்பு என்பார்.

ஒரு நாள் காலை ரத்த ஆபீசிலிருந்து திட்ட அலுவலர் அனுப்பிரியா ஜக்கையனுக்குப் போன் செய்தார். தோட்டத்து முதலாளியும் நிறுவனமும் ஓர் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். நெஞ்சு வலி உள்ள தொழிலாளர்களை ஒரு ஜீப் நிறைய அனுப்ப வேண்டும். ரத்தம் எடுத்துப் பரிசோதித்து, மலை மக்களுக்கு உறைபுரதம் எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடிப்பார்கள். அதை வைத்து மலைக்கே தனி வைத்தியம் வரும்.

"வலி இருக்கவங்கதானே மேடம், இருக்காங்க. கூட்டியாறேன்" என்றார் ஜக்கையன்.

"இருங்க சார். போன மாசம் வேற எஸ்டேட்ல இருந்து அனுப்பிச்சாங்க. எல்லாம் வயசானவங்க. நரம்பே கிடைக்கல. ரெண்டு மூணு தடவை குத்தி எடுத்த ரத்தம், சாம்பிள் கெட்டுப்போச்சு. எல்லாம் ரிஜெக்ட். டைரக்டர் சார் எங்கள உண்டு இல்லன்னு பண்ணிட்டார். நீங்களாவது நல்ல சாம்பிளா அனுப்புங்க."

மதியம் முதலாளியும் போன் செய்தார். "ஜக்கையா, நம்ம எஸ்டேட்டு பேரு இருக்கு. பெரிய பெரிய டாக்டருங்க வர்ற எடம். கண்டதையும் ஏத்திவிட்றாத. பாத்து அனுப்பு."

ஜக்கையன் முட்டாள் அல்ல. கேட்டது நெஞ்சு வலிக்காரர்களை என்பது அவருக்குத் தெரியும். ஆனால் ஊருக்கு அனுப்பப் பொறுக்கு என்று சொல்லிவிட்டால், அவர் கண் ஒரே ஒரு விதமாகத்தான் வேலை செய்யும். மறுநாள் காலை லயத்து முன்னால் ஜீப்பின் பக்கத்தில் நின்று, கூடியிருந்தவர்களை வரிசையாகப் பார்த்தார். முதலில் கபடி ஆடுகிற கார்த்தியை ஏற்றினார். பிறகு அவன் கூட்டாளிகளை. பிறகு லோடு தூக்குகிறவர்களில் தோள் அகலமானவர்களை. நல்ல நிறம், நல்ல உருட்டு, எங்கேயும் சுருக்கம் இல்லை.

"எனக்கு எதுக்குண்ணே, நான் கல்லு மாதிரில்ல இருக்கேன்" என்றான் கார்த்தி.

"கேட்டா நெஞ்சு வலிக்கிதுன்னு சொல்லு. ஒரு ஊசிதான்டா. பிஸ்கட்டு குடுப்பாங்க."

"எந்தப் பக்கம் வலிக்கிதுன்னு கேட்டா?"

"நெஞ்சு எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கம்."

பேச்சி புடவை மாற்றி, தலை வாரி, ஒரு மஞ்சள் பையோடு நின்றுகொண்டிருந்தார். மேடு ஏறினால் அவருக்கு நெஞ்சை அடைக்கும். மழைக்காலத்தில் இருந்தே அப்படி. வியர்த்து, தாடை வரைக்கும் இழுக்கும். ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால் போய்விடும்.

"நான் ஏறட்டா தம்பி?"

ஜக்கையன் அவரைப் பார்த்தார். கழுத்து எலும்பு துருத்திய உடம்பு. கையில் நரம்பு இருக்கும் இடம் தெரியவில்லை. முகம் வெளுத்திருந்தது. அந்தப் பார்வை ஒரு கணம்தான்.

"அடுத்த ட்ரிப்புல போலாம்க்கா. இன்னைக்கு எடமில்ல."

ஜீப்பில் இடம் இருந்தது. பேச்சி மஞ்சள் பையை மடித்துக்கொண்டு காய் பொறுக்கப் போனார்.

ரத்த ஆபீசில் அன்று பெரிய மகிழ்ச்சி. குத்துவிளக்கு ஏற்றினார்கள். ஒவ்வொரு வலிக்காரருக்கும் ஒரு ரோஜாப்பூ கொடுத்தார்கள். நீல மூடி போட்ட குப்பியில் ரத்தம் கோடு வரை சரியாக நிரம்ப வேண்டும். குறைந்தாலும் தப்பு, கூடினாலும் தப்பு. கார்த்தியின் முழங்கையைப் பார்த்ததும் அனுப்பிரியாவின் கண் நிறைந்துவிட்டது.

"இந்த நரம்பப் பாருங்க சார்" என்று இயக்குநரைக் கூப்பிட்டுக் காட்டினார். "பைப்பு மாதிரி இருக்கு."

டாக்டர் செழியன் குனிந்து பார்த்தார். "வலி எப்ப வருது தம்பி?"

"ரெய்டு போறப்ப சார்."

"கடுமையான உழைப்பின்போது" என்று இயக்குநர் சொல்ல, அனுப்பிரியா அதைக் கணினியில் ஏற்றினார். இசிஜி எடுத்தால் நல்லது என்று ஒரு செவிலியர் மெதுவாக ஞாபகப்படுத்தினார். அவர் ரிப்பனை மறந்துவிட்டார் என்று எல்லோரும் சேர்ந்து அவருக்கு ஞாபகப்படுத்தினார்கள்.

ஆய்வு என்றால் ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின் ரத்தமும் வேண்டும். அதற்கு வெளியே அலைவானேன் என்று நிறுவனத்தின் அலுவலர்களே சட்டைக் கையை மடித்தார்கள். ஏசி அறையில் நாள் முழுக்க உட்கார்ந்து, நான்கு மணிக்குத் தவறாமல் பஜ்ஜி சாப்பிட்டு, மாடிப்படியின் பின்புறம் போய்ப் புகைவிட்டு வருகிறவர்கள். தாங்கள் நலமாக இருப்பதாக அவர்களே கையெழுத்திட்டுக் கொடுத்ததால், நிறுவன விதிப்படி அவர்கள் நலமாக இருந்தார்கள்.

முடிவு வந்தபோது அனுப்பிரியாவே ஒரு முறை கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். நெஞ்சு வலியோடு வந்த மலைவாசிகளின் உறைபுரதம் துளிகூட ஏறவில்லை. நலமாக இருந்த அலுவலர்களுக்கு ஏறியிருந்தது. எல்லோரையும்விட நலமாக இருந்த இயக்குநருக்கு எல்லோரையும்விட ஏறியிருந்தது.

வேறு ஒரு நிறுவனமாக இருந்தால் இந்த இடத்தில் குழம்பியிருக்கும். டாக்டர் செழியன் குழம்பவில்லை. ஜன்னலைத் திறந்து மூச்சை இழுத்தார். கீழே குடோனில் இன்னும் ஏலக்காய் வாசனை இருந்தது.

"காத்து" என்றார். "ஏலக்காய்க் காத்து. மலையில இருக்கவங்களுக்கு ரத்தம் உறையாது. அவங்களுக்கு வர்றது நெஞ்சு வலி மாதிரி ஒண்ணு. இதயத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. இது மலை ரத்தம்."

கட்டுரை எழுதப்பட்டது. வெளிநாட்டு இதழொன்றில் வந்தது. அதைத் தொடர்ந்து 'மலை அட்டவணை' என்று ஒன்று அச்சாகி, பரிசோதனை அறையில் ஒட்டப்பட்டது. சமவெளிக்காரருக்கு அளவு கூடினால் இதய நோய், உடனே வேன். மலைவாசிக்கு அளவு சரியாக இருந்தால் வாய்வு, வீட்டுக்கு அனுப்பவும். மலைவாசிக்கு அளவு கூடினால் இயந்திரத்தில் கோளாறு, மெக்கானிக்கை அழைக்கவும்.

இந்த அட்டவணை ஒட்டப்பட்ட வாரத்தில் பேச்சிக்கு மேடு ஏறாமலே வலி வந்தது. ஸ்டோரில் முறத்தோடு உட்கார்ந்திருக்கும்போது வந்தது. ஜக்கையன் அவரை ஜீப்பில் ஏற்றி ரத்த ஆபீசுக்குக் கொண்டுவந்தார். இந்த முறை இடம் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. ஒப்பந்தப்படி தோட்டத்து நெஞ்சு வலியெல்லாம் முதலில் அங்கேதான் காட்ட வேண்டும்.

அனுப்பிரியா விலாசத்தை மட்டும் கேட்டார். "மலையா? அப்ப டெஸ்ட்டே வேண்டாம்மா. உங்க ரத்தம் தங்கம். நாங்கதான் பயப்படணும்." ஒரு பாட்டில் வாய்வு டானிக் கொடுத்தார். அதில் லேசாக ஏலக்காய் மணம் இருந்தது.

பேச்சிக்குச் சந்தோஷம். "நான்தான் சொன்னேன்ல தம்பி, வாய்வுன்னு. நீதான் போட்டு அலட்டிக்கிட்ட." ஜீப்பில் திரும்பும்போது வளைவுக்கு வளைவு டானிக் பாட்டிலை மடியில் இடுக்கிக்கொண்டார்.

ஜக்கையனுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. உட்கார்ந்திருக்கும்போது வலி வந்தால் அது என்ன என்று வரவேற்பறைப் படத்தில் அவரே படித்திருந்தார். வலி இருக்கிறவரை விட்டுவிட்டு வலி இல்லாதவர்களை ஏற்றினது அவர் கை. அந்தக் கைதான் அட்டவணையாகச் சுவரில் ஒட்டியிருக்கிறது. ஜீப் ஓட்டும் முத்துப்பாண்டி, "என்னண்ணே, கருவாடு கணக்கா வத்திட்டே போற" என்று கேட்டுப் பார்த்தார். கார்த்தி கபடியில் கோப்பை வாங்கி வந்து காட்டியபோது ஜக்கையன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒப்புக்கொண்டுவிடுவது என்று முடிவு செய்து ரத்த ஆபீசுக்குப் போனார்.

"மேடம், நெஞ்சுல ஒரு பாரம் இருக்கு" என்று தொடங்கினார்.

"உக்காருங்க, பேசாதீங்க" என்றார் அனுப்பிரியா. அவர் மறுபடி வாய் திறப்பதற்குள் கை கட்டப்பட்டு ரத்தம் எடுக்கப்பட்டது. விலாசம் போடி என்றதால் பரிசோதனையும் உண்டு. அரை மணி நேரத்தில் முடிவு வந்தது. எல்லாம் சரியாக இருந்தது.

"பயப்பட ஒண்ணுமில்ல சார். உங்க மேல ஒரு குத்தமும் காட்டல."

"குத்தம் இருக்கு மேடம். அன்னைக்கு நான் கூட்டியாந்த பயகளுக்கு நெஞ்சு வலியே கிடையாது. எல்லாம் நல்லா இருந்த பயக. வலி இருந்த ஆள விட்டுட்டு வந்துட்டேன். நீங்க நல்ல சாம்பிளு கேட்டீங்க, நான் பொறுக்கிட்டேன்."

அனுப்பிரியா கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தார். பிறகு ரிசல்ட்டைப் பார்த்தார். "ஆனா ரத்தத்துல அப்படி எதுவும் வரலையே சார்" என்றார்.

இயக்குநரிடம் அனுப்பி வைத்தார்கள். டாக்டர் செழியன் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர், குறுக்கே பேசவில்லை. கேட்டு முடித்ததும் எழுந்து வந்து ஜக்கையனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க மனசாட்சிக்கு நான் தலை வணங்குறேன். ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. அவங்கள நாங்க கேட்டோமா இல்லையா? வலிக்குதுன்னு சொன்னாங்களா இல்லையா? வலிக்குதுன்னு சொன்னவங்க வலி உள்ளவங்க. அறிவியல்ல அப்படித்தான். நாங்க ஒருத்தர் சொல்றத நம்பாம இருந்தா அது நோயாளிய அவமதிக்கிறது இல்லையா?"

"அவிங்க பொய் சொன்னாங்க சார். நான்தான் சொல்லச் சொன்னேன்."

"இருக்கலாம். ஆனா கட்டுரை வெளியாயிருச்சு. வெளிநாட்டுல அத மேற்கோள் காட்டிட்டாங்க. அவங்க உங்களுக்கு என்ன கெடுதல் செஞ்சாங்க? நீங்க கொண்டு வந்தது உண்மைதான், நான் மறுக்கல. ஆனா தாமதமா கொண்டு வந்துட்டீங்க. சமர்ப்பிக்க ஒரு கடைசித் தேதி இருக்குல்ல?"

"அப்ப அந்த அட்டவணைய மட்டுமாவது எடுத்துருங்க சார். ஒரு பொம்பள உசுரு."

"எடுத்துருவேன். எனக்கென்ன. ஆனா அத லேமினேஷன் பண்ணியாச்சு" என்றார் டாக்டர் செழியன், உண்மையான வருத்தத்தோடு.

அடுத்த வாரம் நிறுவனத்தின் ஆண்டு விழா. ஜக்கையனுக்கு அழைப்பு வந்தது. ஒரு ரிஜெக்ட்கூட இல்லாத சாம்பிள் கொடுத்த ஒரே தோட்டம் அவருடையது என்பதால் அவருக்குப் பொன்னாடை. வரமாட்டேன் என்றார். முதலாளி போன் செய்தார். வந்தார்.

மேடையில் டாக்டர் செழியன் பேசினார்.

"இந்த மலை மக்கள் ரொம்ப பாக்கியசாலிகள். ஆரம்பத்துல மேலே ஒரு இதயச் சிகிச்சை மையம் கட்டலாம்னு திட்டம் போட்டோம். நம்ம ஆய்வு அது தேவையே இல்லைன்னு நிரூபிச்சிருச்சு. ஆஸ்பத்திரி கட்டுறவங்க எங்கேயும் இருக்காங்க. ஆஸ்பத்திரி தேவைப்படாத மக்கள கண்டுபிடிச்சவங்க நாம மட்டும்தான். அந்த நிதியில போடிமெட்டு ஏறுற வழியில ஒரு அலங்கார வளைவு கட்டப் போறோம். 'ரத்தம் உறையாத மலைக்கு வருக.' வர்றவங்க இறங்கி நின்னு போட்டோ எடுத்துக்கலாம்."

கைத்தட்டல் எழுந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு விவசாயி, "ரத்தம் உறையாட்டி காலு அறுத்துக்கிட்டா நிக்காதேய்யா" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அது மைக்கில் விழவில்லை.

ஜக்கையனைக் கூப்பிட்டார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். ரெண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் மைக்கைப் பிடித்தார்.

"நான் செஞ்சது தப்பு" என்றார். "எனக்கு இந்தத் துண்டு வேண்டாம். இதுக்கு நான் லாயக்கில்ல. நான் கொண்டுவந்தது மலை ஆளுக இல்ல, மலையில பொறுக்குனது."

அரங்கம் முன்னைவிடப் பெரிதாகக் கைத்தட்டியது. இவ்வளவு பணிவான ஒருவரை இந்த மேடை பார்த்ததில்லை என்று நன்றியுரையில் அனுப்பிரியா குரல் தழுதழுக்கச் சொன்னார். அவருக்கு இன்னொரு பொன்னாடை போர்த்தப்பட்டது.

இரண்டு பொன்னாடையோடு அவர் படி இறங்கும்போது போன் அடித்தது. முத்துப்பாண்டி.

"அண்ணே, பேச்சியக்காவுக்கு ரொம்ப முடியல. ஒக்காந்த எடத்துலயே சாஞ்சுட்டாங்க. வேர்த்து ஊத்துது. ஜீப்புல போட்டு எறங்கிக்கிட்டு இருக்கேன், அடிவாரத்துல முந்தல் தாண்டிட்டேன். எங்க கொண்டாரட்டும்?"

முத்துப்பாண்டியின் ஜீப்புக்கு ஸ்பிரிங் போய் ரொம்ப காலம். அதில் தேனி வரைக்கும் போனால் பேச்சி தாங்குவாரா என்று ஜக்கையன் யோசித்தார். வாசலில் வேன் நின்றது. மெத்தை இருந்தது. ஆக்சிஜன் இருந்தது. விழாவுக்காக வேனின் கண்ணாடியில் மாலையும் போட்டிருந்தார்கள்.

"இங்கேயே கொண்டா. வெரசா வா."

பேச்சியை நாலு பேர் தூக்கி மாடிக்குக் கொண்டுவந்தார்கள். உதடு சாம்பலாகியிருந்தது. நெஞ்சில் ஒரு கை. "ஒண்ணுமில்ல தம்பி, டானிக்க மறந்துட்டேன்" என்றார். ஜக்கையன் அனுப்பிரியாவின் முன்னால் போய் நின்றார். விலாசம் ஏற்கெனவே கணினியில் இருந்ததால், அனுப்பிரியா ஏதும் கேட்காமல் பேச்சிக்கு ரத்தம் எடுத்தார். நரம்பு கிடைக்கவில்லை. மூன்றாவது குத்தில் கிடைத்தது. குப்பி நிரம்பியது.

திரையில் எண் வந்தது. ஒப்பீட்டுக் குழுவில் யாருக்கும் வராத எண். இயக்குநருக்குக்கூட வராத எண். அதன் பக்கத்தில் பச்சை எழுத்தில் ஒரு வரி மின்னியது: இயந்திரக் கோளாறு.

"அய்யோ, மெஷின் போயிருச்சே" என்றார் அனுப்பிரியா. முகத்தில் உண்மையான கவலை. போனை எடுத்தார். மெக்கானிக் மதுரையில் இருந்தார். ரயிலைப் பிடித்து வருவதாகச் சொன்னார்.

"மேடம், மெஷின் நல்லாத்தான் இருக்கு. அந்தக்காவப் பாருங்க."

"எனக்கும் பார்த்தா கஷ்டமாத்தான் சார் இருக்கு. ஆனா மலைவாசிக்கு இந்த நம்பர்ல வேனுக்குச் சீட்டு அடிச்சா கம்ப்யூட்டர் வாங்காது. நான் வேணும்னா டைரக்டர் சார்கிட்ட கேக்குறேன்."

டாக்டர் செழியன் கழுத்தில் மாலையோடு வந்தார். பேச்சியைப் பார்த்தார். ஒரு கணம் அவர் முகத்தில் மருத்துவக் கல்லூரி வந்து போனது. பிறகு அட்டவணையைப் பார்த்தார். "மலை ரத்தத்துல இது நடக்காதே" என்று முணுமுணுத்தார்.

ஜக்கையனுக்கு அப்போது தெரிந்தது. இங்கே உண்மையைச் சொன்னால் பொன்னாடைதான் கிடைக்கும்.

"சார், அவங்க மலை இல்ல" என்றார். "போடி. எங்க வீட்லதான் இருக்காங்க. எங்க அக்கா. மேல சும்மா வேலைக்குப் போய்ட்டு வர்றது. அன்னைக்கு வெலாசத்தத் தப்பாச் சொல்லிட்டோம்."

பேச்சி கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார்.

"போடியா?" என்றார் அனுப்பிரியா.

"போடி. தெருப் பேரு வேணும்னா எழுதிக்கங்க."

அனுப்பிரியா விசைப்பலகையில் தட்டினார். திரையில் அதே எண் இருந்தது. ஒரு புள்ளி மாறவில்லை. பக்கத்திலிருந்த பச்சை எழுத்து மட்டும் சிவப்பானது: மாரடைப்பு. உடனடி நடவடிக்கை. மேசைக்கடியிலிருந்த பிரிண்டர் தானாகவே சீட்டைத் துப்பியது.

அதற்குப் பிறகு அந்த நிறுவனம் வேலை செய்த வேகத்தை யாரும் குறை சொல்ல முடியாது. மாத்திரை கொடுத்தார்கள். ஆக்சிஜன் வைத்தார்கள். படிக்கட்டில் இயக்குநரே ஒரு பக்கம் பிடித்தார். மாலையைக் கழற்ற நேரமில்லாமல் வேன் கிளம்பியது.

"இத முதல்லயே சொல்லக்கூடாதா?" என்று டாக்டர் செழியன் ஜக்கையனைக் கடிந்துகொண்டார். "உயிர் விஷயத்துல இப்படி அலட்சியமா இருக்கலாமா?"

பேச்சி பிழைத்துக்கொண்டார். தேனியில் ஒரு டாக்டரம்மா ஜக்கையனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அடைப்பை எடுத்தாகிவிட்டது. ஆனால் இதயத்தில் ஒரு பகுதி செத்துவிட்டது. அது திரும்ப வராது. இனி மேடு ஏறக் கூடாது, மலை வாசம் கூடாது. "ரெண்டு மூணு மாசம் முந்தியே யாராவது கூட்டிட்டு வந்திருக்கலாம்" என்றார். யாராவது என்று பொதுவாகத்தான் சொன்னார்.

லயத்துக்குத் திரும்ப முடியாததால், பேச்சி ஜக்கையனின் வீட்டிலேயே முன்னறையில் தங்கிக்கொண்டார். ஜக்கையனின் மனைவிக்கு முதலில் இது பிடிக்கவில்லை. பிறகு, பேச்சி பருப்பில் கல் பொறுக்கும் வேகத்தைப் பார்த்தபின் பிடித்துவிட்டது. ஜக்கையன் ரத்த ஆபீசில் சொன்ன பொய் கொஞ்சம் கொஞ்சமாக உண்மையாகிக்கொண்டு வந்தது. அதனால் அவர் மனம் லேசாகும் என்று பார்த்தார். ஆகவில்லை. தினமும் வேலை முடிந்து வரும்போது முன்னறையில் அந்த அம்மாள் இருந்தார். நாலு அடி நடந்து மூச்சு வாங்கினார். சாப்பிட்டயா தம்பி என்று கேட்டார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "இந்தத் தம்பி இல்லாட்டி நான் இல்லத்தா" என்றார். அந்த வார்த்தை வரும் என்று தெரிந்தால் ஜக்கையன் முன்கூட்டியே எழுந்து கொல்லைப் பக்கம் போய்விடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரால் முடியவில்லை. எதிரே வந்து உட்கார்ந்தார். பேச்சி முறத்தில் பச்சைப் பயறைப் பரப்பி வைத்திருந்தார்.

"அக்கா, அன்னைக்கு ஜீப்புல எடம் இருந்துச்சு."

"ம்."

"நான்தான் ஏத்தல. ஒங்கள விட்டுட்டு அந்தக் கார்த்திப் பயலக் கொண்டு போனேன். அதவச்சுத்தான் அவிங்க மலை ரத்தம்னு எழுதிக்கிட்டாங்க. ஒங்களுக்கு டானிக்கு குடுத்து அனுப்புனதும் அதனாலதான். எல்லாம் நான் செஞ்சது."

பேச்சி முறத்தை ஒரு குலுக்குக் குலுக்கினார். சொத்தைப் பயறு ஓரத்துக்கு வந்தது.

"இதச் சொல்லத்தான் இத்தனை நாளா கொல்லைக்கு ஓடுனயாக்கும்" என்றார். "எடம் இருந்தது எனக்குத் தெரியாதா. கண்ணு என்ன அவிஞ்சா போச்சு. அன்னைக்கு நீ என்னைய ஒரு பார்வை பாத்தயே, அதுலயே தெரிஞ்சுருச்சு நான் எந்தக் குவியல்னு. ஒனக்கு சாம்பிளு பொறுக்கிக் குடுத்தவளே நான்தானப்பு."

ஜக்கையன் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒன்னையச் சொல்லி என்ன. முறம் என் கையில இருந்திருந்தாலும் நான் என்னைய எடுத்திருக்க மாட்டேன்."

அவர் அதைக் கோபத்தோடு சொல்லியிருக்கலாம். பயறு பொறுக்கிக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னார்.

அப்போது போன் அடித்தது. ரத்த ஆபீசு.

"சார், வணக்கம். ஒரு புதிய ஆய்வு தொடங்குறோம்" என்றார் அனுப்பிரியா. "இந்தத் தடவை சமவெளி ஆளுங்க. நம்ம ஆபீஸ்காரங்க ரத்தம் கொஞ்சம் சரியா இல்லைன்னு வெளியில பேசுறாங்க. அதனால ஆரோக்கியமான போடிவாசிகளா வேணும். எங்க கம்ப்யூட்டர்ல உங்க வீட்டு விலாசத்துல ஒரு அம்மா இருக்காங்க. சிகிச்சை முடிஞ்சதுன்னு இருக்கு, அதனால ஆரோக்கியம்னுதான் காட்டுது. அவங்க வருவாங்களா? நல்ல சாம்பிளா இருப்பாங்களா?"

ஜக்கையனின் கண் அவரைக் கேட்காமலே திரும்பியது. கழுத்து எலும்பில் தொடங்கி, வெளுத்த முகத்துக்குப் போய், ஊசி குத்திக் கறுத்திருந்த முழங்கைக்கு இறங்கியது.

பேச்சி தலை நிமிரவில்லை. விரல்கள் மட்டும் நின்றன.

"பாத்துட்டயா தம்பி" என்றார். "இப்ப எந்தக் குவியலு?"